சுமைகூலி முக்கால் பணம்: விளையாட்டுக் கழகங்களும் அரசின் சிறுமானியங்களும்

அரசு மானியங்களைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகப் பெருந்தொகைகளையே பின்தொடர்கின்றனர். எந்த அரங்கம் எத்தனை கோடியில் எழுந்தது, எந்தச் சம்மேளனம் எவ்வளவு பெற்றது என்பவை ஏடுகளில் ஏறிவிடுகின்றன, ஆனால் ஓர் ஊர்க் கழகம் சானிடைசரும் பயிற்சிப் பந்துகளும் வாங்குவதற்காகப் பெற்ற ஆயிரத்துச் சொச்சம் யூரோவைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இந்த அலட்சியம் ஒருவகையில் இயல்பானதே, ஏனெனில் அத்தகைய தொகை ஒரு நாட்டின் நிதிநிலை அறிக்கையில் கண்ணுக்குத் தட்டுப்படும் அளவுக்கு வருவதில்லை. எனினும், குடிமக்கள் தாமாகக் கூடி நடத்தும் ஓர் அமைப்புக்கு அரசு எப்படி உதவ வேண்டும், எத்தனை கேள்விகளைக் கேட்ட பிறகு உதவ வேண்டும், அப்பணத்தில் எதை வாங்கலாம் என்பதை யார் முடிவு செய்ய வேண்டும் ஆகிய கேள்விகள் பெருந்திட்டங்களில் புதைந்து கிடக்க, சிறுமானியங்களில் மேற்பரப்பிலேயே தெரிகின்றன. கோவிட் பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் அயர்லாந்து அரசு நடத்திய ஒரு சிறுமானியத் திட்டமும், அதையொட்டிய காலத்தில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நிகழ்ந்தவையும் இக்கேள்விகளை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

அயர்லாந்தின் விளையாட்டுக் கழகம் என்பது ஊதியம் வாங்காத மனிதர்களின் அமைப்பாகும். அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு அமைப்பான கேலிக் தடகளச் சங்கம், 1884 நவம்பர் 1 அன்று திப்பரேரி மாவட்டத்தின் தர்லெஸ் ஊரில் ஒரு விடுதியில் கூடிய சிறு கூட்டத்தில் தோன்றியது. மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங், கையாலும் காலாலும் பந்தைக் கொண்டுசெல்லும் கேலிக் கால்பந்து ஆகியவற்றை அது நடத்துகிறது. டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் பார்க்க இறுதிப்போட்டி ஆடும் வீரர்கூட அந்த ஆட்டத்துக்கெனச் சம்பளம் பெறுவதில்லை, மறுநாள் காலையில் தம் வகுப்பறைக்கோ பண்ணைக்கோ அலுவலகத்துக்கோ திரும்பிவிடுகிறார் என்பது வெளிநாட்டவருக்கு நம்பக் கடினமான செய்தி. இச்சங்கத்தின் கழகங்கள் பெரும்பாலும் பங்குக்கோயில் எல்லையை ஒட்டியே, அதாவது ஓர் ஊருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்துள்ளன. இதைத் தவிர்த்த பிற விளையாட்டுகளான ஓட்டம், குத்துச்சண்டை, கூடைப்பந்து, துடுப்புப் படகு, பேட்மின்டன் போன்றவற்றின் கழகங்கள் பலவும் இன்னும் எளியவை. சொந்தத் திடல் கிடையாது, பள்ளி மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்துகின்றன, உறுப்பினர் சந்தாவும் வாராந்தரக் குலுக்கல் சீட்டும் கேக் விற்பனையும் அவற்றின் வருவாய். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூவரில் செயலாளரே கழகத்தின் கை. கடிதம் எழுதுவதும், திடலின் சாவியை வைத்திருப்பதும், மானிய விண்ணப்பத்தை நிரப்புவதும் அவர் தலையிலேயே விழும்.

2020 மார்ச் 12 அன்று பள்ளிகளை மூடும் அறிவிப்பு வந்த அன்றே விளையாட்டுகளும் நின்றன. சந்தா வரவில்லை, குலுக்கல் நடக்கவில்லை. காப்பீட்டுத் தவணையும் வாடகையும் மட்டும் தம் போக்கில் வந்துகொண்டிருந்தன. மே 1 அன்று அரசு வெளியிட்ட படிப்படியான மீள்திறப்புத் திட்டம் கோடையில் விரைவுபடுத்தப்பட்டு, ஜூன் 29 முதல் குழு ஆட்டங்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அதற்குப் பத்து நாட்களுக்கு முன், ஜூன் 19 அன்று, விளையாட்டுத் துறைக்கென 7 கோடி யூரோ உதவித் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. அதன் உட்பிரிவு கவனிக்கத்தக்கது: கேலிக் விளையாட்டு, கால்பந்து, ரக்பி ஆகிய மூன்று பெரிய திடல் விளையாட்டுகளின் அமைப்புகளுக்கு 4 கோடி வரை, பிற தேசிய விளையாட்டு அமைப்புகள் தாக்குப்பிடிப்பதற்கென 1 கோடி வரை, கழகங்கள் தாக்குப்பிடிப்பதற்கென 1.5 கோடி வரை, மீள்தொடக்கத்துக்கென 50 லட்சம். இந்த அடுக்கின் அடிமட்டத்தில்தான், சுகாதார விதிகளை நிறைவேற்றக் கையில் பணமில்லாத கழகம் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1,500 யூரோ பெறலாம் என்ற 'கோவிட் கழகச் சிறுமானியத் திட்டம்' இருந்தது.

இத்திட்டத்தின் வழி அதன் தொகையைவிட முக்கியமானது. ஸ்போர்ட் அயர்லாந்து என்பது 2015 அக்டோபரில் நான்கு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்ட அரசு நிறுவனம்; நாட்டின் விளையாட்டு நிதியில் பெரும்பகுதி அதன் வழியே செல்கிறது. அந்நிறுவனம் ஆயிரக்கணக்கான சிறு விண்ணப்பங்களைத் தலைநகரில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முடிவு வருவதற்குள் பருவம் முடிந்திருக்கும். ஆகவே உள்ளூர் விளையாட்டுக் கூட்டாண்மைகள் எனப்படும் மாவட்ட அளவிலான அமைப்புகளிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 2001 முதல் படிப்படியாக நிறுவப்பட்ட இந்த 29 அமைப்புகளும் ஓடாத மக்களை ஓட வைப்பதற்காக, அதாவது விளையாட்டில் பங்கேற்போர் தொகையை உயர்த்துவதற்காக ஏற்பட்டவை. பயிற்சியாளர் வகுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு, நடைக்குழு என ஆண்டு முழுவதும் கழகங்களோடு பழகுபவை. எந்தக் கழகம் உண்மையில் இயங்குகிறது, எது பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது என்பதை அங்குள்ள அலுவலர் கோப்பைத் திறக்காமலே அறிவார். சிறுமானியத்துக்கு வேண்டிய சரிபார்ப்பில் பாதி இந்த அறிமுகத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதைத் திட்டம் வகுப்போர் பல நாடுகளில் இன்னும் உணரவில்லை.

ஒரு கழகத்துக்குச் சுகாதாரப் பொருள் எவ்வளவுதான் தேவைப்படும் என்ற ஐயம் எழலாம். விதிகள் தேவையை எப்படிப் பெருக்குகின்றன என்பதற்கு இங்கிலாந்தின் கிராமக் கிரிக்கெட் நல்ல சான்று. கிரிக்கெட் பந்து நோயைக் கடத்தும் ஊடகம் என்று பிரதமர் போரிஸ் ஜான்சனே நாடாளுமன்றத்தில் கூறிய பின், அமெச்சூர் ஆட்டம் பிற விளையாட்டுகளைவிடத் தாமதமாகவே, 2020 ஜூலை 11 முதல், அனுமதிக்கப்பட்டது. அப்போது வகுக்கப்பட்ட விதிப்படி ஆறு ஓவருக்கு ஒருமுறை அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி அனைவரும் கைகளைச் சுத்தப்படுத்த வேண்டும், பந்தையும் கிருமிநாசினி தோய்ந்த தாளால் துடைக்க வேண்டும். (எச்சில் தொட்டுப் பந்தைத் தேய்க்கும் பழைய வழக்கத்தைப் பன்னாட்டுக் கிரிக்கெட் அவை அந்த ஜூனில் தற்காலிகமாகத் தடை செய்து, 2022 அக்டோபரில் அத்தடையை நிலையானதாக்கியது.) அணிக்கு 40 ஓவர் கொண்ட ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு ஆறு இடைநிறுத்தம், ஆட்டத்துக்குப் பன்னிரண்டு; திடலில் பதினொரு தடுப்பாளர், இரு மட்டையாளர், இரு நடுவர் என 15 பேர்; ஒருமுறைக்கு 3 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டத்துக்கு 540 மில்லிலிட்டர் சானிடைசர் செலவாகும். நான்கு அணிகள் வைத்திருக்கும் கழகம் குறுகிய பருவத்தில் அணிக்குப் பத்து ஆட்டம் ஆடினால்கூட 21 லிட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் பயிற்சி நாட்களைக் கணக்கில் சேர்க்காமல். துடைப்புத் தாள், கையுறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி, அறிவிப்புப் பலகை, தரையில் ஒட்டும் பட்டை, கைபேசி எண்களைக் குறித்து வைக்கும் பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்தால், வருமானம் நின்றுபோன பொருளாளருக்குத் தலைசுற்றும் பட்டியல்தான் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் தேவை வேறு வடிவில் வந்தது. அந்நாட்டின் விளையாட்டுப் பயிலகம் 2020 மே மாதத்தில் வெளியிட்ட மீள்தொடக்கச் சட்டகம் செயல்பாடுகளை ஏ, பி, சி என்று மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதலில் தனிப்பயிற்சி, அடுத்துப் பத்துப் பேருக்கு மேற்படாத சிறுகுழு, பின்னரே முழுப் பயிற்சியும் போட்டியும். வந்து, பயிற்சி செய்து, உடனே வீடு திரும்ப வேண்டும், உடை மாற்றும் அறையில் தங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை நெறி. இந்நெறியின் கீழ் கருவிகளைப் பகிர்வது குறைக்கப்பட வேண்டியதாயிற்று, ஆகவே எட்டுப் பேருக்கு ஒரு பந்து என்றிருந்த இடத்தில் ஆளுக்கொரு பந்து தேவைப்பட்டது. இங்கேதான் சுகாதாரப் பொருள் என்ற இனமும் விளையாட்டுக் கருவி என்ற இனமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. கூடுதலாக வாங்கிய பந்து, நோய்த்தடுப்புக்கான செலவா, விளையாட்டுக்கான செலவா என்று கேட்டால் இரண்டும்தான் என்பதே விடை. அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் 2010 தொடக்கம் முதல் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயம். கழகத்தின் பையில் கிடக்கும் நாலைந்து கவசங்களைப் புதிதாகச் சேரும் சிறுவர்கள் மாற்றி மாற்றி அணிவது எங்கும் காணக்கூடிய வழக்கம். அவ்வழக்கம் தடைப்படும்போது கவசம் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையே முதலில் திடலுக்கு வெளியே நிற்கிறது. சானிடைசருக்கு மட்டும் என்று இறுக்கமாக வரையறுக்கும் மானியம் இந்தப் பிள்ளையைப் பற்றிய கணக்கைத் தவறவிடுகிறது என்பதால், பொருள் பட்டியலை அகலமாக வைத்த திட்டங்களே அறிவார்ந்தவை எனலாம்.

வாங்குவதற்குப் பணம் கிடைத்தாலும் வாங்குமிடம் சிக்கலானதாகவே இருந்தது. 2020 வசந்தத்தில் ஐரோப்பா முழுவதும் சானிடைசர் தட்டுப்பாடு நிலவியதால், விஸ்கி வடிக்கும் ஆலைகளும் அதன் தயாரிப்புக்கு உதவ முன்வந்தன. அயர்லாந்தில் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் கார்க் மாவட்டத்து ஆய்வகம் ஒன்றுக்கு ஆல்கஹால் அளித்து, பொது மருத்துவச் சேவைக்கான சானிடைசர் உற்பத்தியில் பங்கேற்றது. (விஸ்கிக்குப் பேர்போன மாவட்டத்தின் சரக்கு கையில் பூசப்படும் காலம் வரும் என்று அங்கு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.) கோடைக்குள் தட்டுப்பாடு நீங்கிச் சந்தையில் எண்ணற்ற புதிய வகைகள் குவிந்தன, அவற்றோடு தரம் பற்றிய ஐயமும் வந்தது. உலகச் சுகாதார அமைப்பின் செய்முறை 80 விழுக்காடு எத்தனால் அல்லது 75 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்ட கலவையைப் பரிந்துரைக்கிறது. நச்சுத்தன்மை கொண்ட மெத்தனால் அதில் இடம்பெறவே கூடாது. ஆனால் 2020 அக்டோபரில், பள்ளிகளுக்கும் வழங்கப்பட்டிருந்த ஒரு சானிடைசர் வகையை அயர்லாந்து வேளாண்மைத் துறை (அங்கே இத்தகைய கிருமிநாசினிகளைப் பதிவு செய்வது அத்துறையின் பொறுப்பு) பதிவிலிருந்து நீக்க, பள்ளிகள் அதன் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டியதாயிற்று. கொள்முதல் செய்வதற்கென்றே அலுவலர்களைக் கொண்ட அரசுத் துறையையே சந்தை ஏமாற்ற முடியுமானால், இரவு பத்து மணிக்கு அடுக்களை மேசையில் அமர்ந்து விலைப்பட்டியல்களை ஒப்பிடும் கழகச் செயலாளர் எம்மாத்திரம்? சானிடைசர் போன்ற, எல்லாக் கழகங்களுக்கும் ஒரேமாதிரி தேவைப்படும் பொருட்களை மாவட்டக் கூட்டாண்மை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து, கழகத்துக்குக் கழகம் வேறுபடும் கருவிகளுக்கு மட்டும் பணமாகத் தருவதே இதில் செம்மையான வழியாக இருந்திருக்கும்.

சிறுமானியத்தின் மெய்யான விலை, அதை வாங்குவதற்குச் செலவாகும் உழைப்பிலேயே இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை நிதித்துறை மொழியில் பெயர்த்தால் விண்ணப்பச் செலவு என்று வரும். பொதுவாக இத்தகைய மானியம் கேட்கும் கழகம் தன் பெயரில் வங்கிக் கணக்கு, எழுதப்பட்ட விதிமுறை, தேசிய விளையாட்டு அமைப்பொன்றின் இணைப்பு, காப்பீட்டுச் சான்று, வாங்க எண்ணும் பொருட்களின் விலைக்குறிப்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பின்னர் செலவுச் சீட்டுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமானவையே, ஆனால் சேர்ந்து வரும்போது, பணமாகக் கணக்கிடப்படாத ஒருவரின் பல மாலை நேரங்களை விழுங்குகின்றன. ஐம்பதாயிரம் யூரோ கேட்கும் கழகத்துக்கும் ஐந்நூறு யூரோ கேட்கும் கழகத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தாள்கள் தேவைப்படும் இடத்தில், கேட்காமலே இருந்துவிடுவதுதான் சிறிய கழகத்தின் அறிவார்ந்த முடிவாகிறது. மேலும் விண்ணப்பம் எழுதுவது ஒரு தனிக்கலை. உறுப்பினரில் ஒரு வழக்கறிஞரோ கணக்காளரோ ஆசிரியரோ உள்ள கழகம் அக்கலையை இலவசமாகப் பெற்றுவிடுகிறது, தொழிலாளர் குடியிருப்பின் குத்துச்சண்டைக் கழகமோ புலம்பெயர்ந்தோர் சேர்ந்து தொடங்கிய கால்பந்து அணியோ அதை இழக்கிறது. தேவை அதிகமுள்ள இடத்துக்குப் பணம் போகாமல், எழுதத் தெரிந்த இடத்துக்குப் பணம் போகும் இந்தச் சாய்வு எந்த அதிகாரியின் தீய எண்ணத்தாலும் விளைவதன்று. படிவத்தின் வடிவிலேயே அது பொதிந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான தீங்கு, படிவமும் மதிப்பெண்ணும் ஒழுங்காக இருந்தும் முடிவெடுப்பவர் அவற்றைப் புறந்தள்ளும்போது நேர்வது. அதை ஆராய ஆஸ்திரேலியாவைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 2018 ஆகஸ்டில் விண்ணப்பம் கோரப்பட்ட சமூக விளையாட்டு உள்கட்டமைப்பு மானியத் திட்டம், 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரையான தொகைகளைக் கழகங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வழங்கியது. மூன்று சுற்றுகளில் 684 திட்டங்களுக்கு மொத்தம் 10 கோடி டாலர் பகிரப்பட்டது. ஸ்போர்ட் ஆஸ்திரேலியா நிறுவனம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தகுதி மதிப்பெண் வழங்கியிருந்தும், அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கன்சியின் அலுவலகம் தனியே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, ஆளுங்கட்சிக்கு இழுபறியான தொகுதிகளையும் எதிர்க்கட்சியிடமிருந்து வெல்ல விரும்பிய தொகுதிகளையும் கருத்தில் கொண்டு தேர்ந்தெடுத்தது என்று 2020 ஜனவரியில் வெளியான தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கை கூறியது. முதல் சுற்றில் ஏற்கப்பட்டவற்றில் 41 விழுக்காடும், இரண்டாம் சுற்றில் 70 விழுக்காடும், மூன்றாம் சுற்றில் 73 விழுக்காடும் நிறுவனம் பரிந்துரைக்காதவை. பிப்ரவரி 2 அன்று அமைச்சர் பதவி விலகினார். ஆனால் விலகலுக்கு முறைப்படி சொல்லப்பட்ட காரணம் தொகுதிச் சாய்வு அன்று, தாம் உறுப்பினராயிருந்த ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குச் சுமார் 36,000 டாலர் வழங்கியபோது அந்த உறுப்பினர் தொடர்பை அவர் வெளிப்படுத்தவில்லை என்பதே. 10 கோடியில் ஆட்டம் காணாத நாற்காலி 36,000இல் சாய்ந்தது.

இது அந்நாட்டில் முதல்முறை நடந்ததும் அன்று. 1994 பிப்ரவரியில் ரோஸ் கெல்லி என்ற விளையாட்டுத் துறை அமைச்சர் ஏறத்தாழ 3 கோடி டாலர் மானியத்தைப் பகிர்ந்த முறையால் பதவி இழந்தார். எந்தக் கழகத்துக்கு எவ்வளவு என்பதைத் தம் அலுவலகத்துப் பெரிய வெண்பலகையில் எழுதி எழுதி அழித்து முடிவு செய்ததாகவும், எனவே காட்டுவதற்கு ஆவணம் இல்லை என்றும் தெரியவந்ததே அவரை வீழ்த்தியது. கால் நூற்றாண்டில் வெண்பலகை கணினி அட்டவணையாக மாறியது, சாய்வு மாறவில்லை. அழிக்க முடியாத வடிவில் பதிவானது மட்டுமே தணிக்கையாளருக்குக் கிடைத்த ஆதாயம். உடை மாற்றும் அறை, ஒளிவிளக்குக் கோபுரம், புல்தரை போன்ற நடுத்தர அளவுத் தொகைகளே இத்தகைய அரசியலுக்கு மிகவும் வசதியானவை என்பது கவனிக்கத்தக்கது. அவை நாடா வெட்டித் திறந்து வைக்கும் அளவுக்குப் பெரியவை, நாடாளுமன்றத்தில் தனித்தனியே விவாதிக்கப்படாத அளவுக்குச் சிறியவை. ஆயிரம் டாலர் சானிடைசருக்கோ நாடா வெட்டும் விழா கிடையாது. சிறுமானியம் ஓரளவு தூய்மையாக இருப்பதற்கு அதை வழங்குவோரின் அறம் காரணமன்று, அதில் அறுவடை செய்ய எதுவும் இல்லாததே காரணம்.

அரசியல் சாய்வைத் தவிர்க்க நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கையாண்ட வழி எண்கணிதம். அதன் உள்ளூர் விளையாட்டு மானியத் திட்டத்தில் 93 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் தலா 50,000 டாலர் வரை ஒதுக்கப்பட்டு, மொத்தம் 46.5 லட்சம் டாலர் சமமாகப் பிரிக்கப்பட்டது. எந்தத் தொகுதியும் பிற தொகுதியைவிட அதிகம் பெற்றதென்று குற்றம் சாட்ட முடியாது. ஆனால் செல்வச் செழிப்பான சிட்னிக் கடற்கரைத் தொகுதியும் வறட்சியில் வாடும் உள்நாட்டுத் தொகுதியும் ஒரே அளவு பெறுவது சமத்துவமா என்ற கேள்வி நின்றுவிடுகிறது. விக்டோரியா மாநிலம் வேறொரு எளிமையைக் கடைப்பிடித்தது. சீருடை அல்லது கருவி வாங்க ஒரு கழகத்துக்கு 1,000 டாலர் வரை தரும் வழக்கமான மானியம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்து உதவித் தொகுப்பிலும் உள்ளூர்க் கழகத்துக்கு 1,000 டாலர் என்ற அதே அளவே பின்பற்றப்பட்டது. இங்கிலாந்தில் அரசின் கீழ் இயங்கும் ஸ்போர்ட் இங்கிலாந்து, 1994 முதல் நடந்துவரும் தேசிய லாட்டரியின் வருவாயிலிருந்தும் நிதி பெறுகிறது. அது 2020 செப்டம்பரில் அறிவித்த 1.65 கோடி பவுண்டு மீள்விளையாட்டு நிதியில் 300 முதல் 10,000 பவுண்டு வரையான சிறுமானியம் ஒரு பகுதி. கீழ்வரம்பு 300 பவுண்டாக இருந்ததுதான் இதில் பாராட்டத்தக்கது, ஏனெனில் சிறிய கழகம் சிறிய தொகையைக் கூச்சமின்றிக் கேட்கலாம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

வாங்கிய பொருட்கள் தாம் நோக்கிய வேலையைச் செய்தனவா என்பது வேறு கேள்வி, அதன் விடை சற்றுக் கசப்பானது. 2020இன் விதிகள் பரப்புகளின் வழியே நோய் பரவும் என்ற அச்சத்தை அடிப்படையாகக் கொண்டவை. பந்து, கதவுப்பிடி, கொடிக்கம்பம் எல்லாம் துடைக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பொன்றை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. மூடிய அறையில் பகிரப்படும் காற்றே முதன்மையான வழி என்பது அப்போது தெளிவாகிக்கொண்டிருந்தது. ஆகவே திறந்தவெளித் திடலில் பந்தைத் துடைத்த தாள்களுக்குச் செலவான பணத்தில் பெரும்பகுதி நோயைத் தடுத்ததைவிட அச்சத்தைத் தணித்தது என்றே கொள்ள வேண்டும். (அச்சத்தைத் தணிப்பதும் வீண் அன்று, பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு வாயிலில் நின்ற சானிடைசர்க் கம்பம் ஓர் உறுதிமொழியாக இருந்திருக்கும்.) அயர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்வு இதை இன்னும் வெளிப்படையாக்கியது. கேலிக் கழகங்கள் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் உடல்நலக் கேள்வித்தாள் நிரப்பி, அணிதோறும் கோவிட் மேற்பார்வையாளரை அமர்த்திக் கோடை முழுவதும் ஒழுங்காக ஆடின. ஆனால் மாவட்ட இறுதிப்போட்டிகளில் வென்ற அணிகளின் ஊர்களில் நடந்த கொண்டாட்டங்களைக் கண்டபின், அக்டோபர் 5 அன்று சங்கமே கழக ஆட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. ஆபத்து திடலில் இல்லை, கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன அறையில் இருந்தது. எந்த மானியப் பட்டியலிலும் அதற்கு மருந்து கிடையாது.

பட்டியல் எழுதுவோரின் கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. சுகாதாரப் பொருள் என்றவுடன் 2020இல் அனைவருக்கும் நினைவுக்கு வந்தது வைரஸ் மட்டுமே. ஆனால் பெண்கள் விளையாட்டில் அச்சொல்லுக்கு நெடுங்காலமாக வேறொரு பொருளும் இருந்துவருகிறது. மாதவிடாய்க் காலத்தில் கழகத்தின் கழிப்பறையில் அணையாடை கிடைக்காததும், வெள்ளைக் கால்சட்டை அணிந்து ஆட நேர்வதும் பதின்வயதுப் பெண்களைப் பயிற்சியிலிருந்து விலக்கும் காரணங்களில் அடங்கும். ஸ்காட்லாந்தில் 2018இல் செல்டிக் கால்பந்துக் கழகத்தின் பெண் ரசிகர்கள் மூவர் தொடங்கிய இயக்கத்தின் விளைவாக அக்கழகத்தின் அரங்கிலும் பின்னர் பல அரங்குகளிலும் அணையாடைகள் இலவசமாக வைக்கப்பட்டன. 2020 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம், தேவைப்படும் எவருக்கும் அவை இலவசமாகக் கிடைக்க வழிசெய்யும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கடமைகள் 2022 ஆகஸ்ட் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. ஒரு கழகத்துக்கு ஓராண்டு அணையாடைச் செலவு சானிடைசர்ச் செலவைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும், அதன் தேவை பெருந்தொற்றோடு முடிவதும் இல்லை. எனினும் மீள்திறப்புக் காலத்துச் சிறுமானியங்கள் பொதுவாக வைரஸை மட்டுமே கண்முன் வைத்து வகுக்கப்பட்டன. கழக நிர்வாகக் குழுக்களிலும் நிதி வழங்கும் அலுவலகங்களிலும் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பெருந்தொற்று ஓய்ந்தபின் இத்திட்டங்களில் பெரும்பாலானவை முடித்துக்கொள்ளப்பட்டாலும், அவற்றின் சில பழக்கங்கள் நிலைத்தன. அயர்லாந்தில் கட்டடங்களுக்கும் திடல்களுக்குமான பெரிய மானியத் திட்டம் 2020ஆம் ஆண்டுச் சுற்றிலிருந்து தன் பெயரிலேயே 'கருவி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு, சொந்த இடமில்லாத கழகமும் கருவிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம் என்பதை வெளிப்படையாக்கியது. பள்ளி மண்டபத்தில் வாடகைக்கு ஆடும் பேட்மின்டன் கழகத்துக்கு இது சிறிய மாற்றம் அன்று. இங்கிலாந்தில் 2024இல் பழைய சிறுமானியத் திட்டத்தின் இடத்துக்கு வந்த இயக்க நிதி உச்சவரம்பை 15,000 பவுண்டாகக் கொண்டு, 300 பவுண்டுக் கீழ்வரம்பைக் கைவிடாமல் வைத்துக்கொண்டது. ஆனால் கணக்குக் காட்டும் முறையில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை. 300 பவுண்டுக்கும் 15,000 பவுண்டுக்கும் ஒரே தீவிரத்தோடு செலவுச் சீட்டு கேட்பது தணிக்கையின் மீதுள்ள மதிப்பைக் காட்டுவதில்லை, தணிக்கையாளரின் நேரத்தையும் செயலாளரின் நேரத்தையும் ஒருசேர வீணாக்குகிறது. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழுள்ள மானியங்களில் எல்லாச் சீட்டுகளையும் கேட்காமல், பத்தில் ஒரு கழகத்தைக் குலுக்கலில் தேர்ந்து அதனிடம் மட்டும் முழுக் கணக்குக் கேட்பதும், எஞ்சியவை வாங்கிய பொருளின் ஒரு நிழற்படத்தோடு முடித்துக்கொள்ள விடுவதும் நடைமுறையில் கைகூடாத ஏற்பாடுகள் அல்ல. மாவட்ட அலுவலர் ஆண்டு முழுவதும் கழகங்களோடு பழகுபவராக இருக்கும் அயர்லாந்து போன்ற நாட்டில் நிழற்படம்கூடத் தேவைப்படாது.